பெட்டிக்குள் இருக்கிற உயிர்

நண்டு கட்டுவதற்குத் தைரியம் வேண்டும் என்று சொல்பவர்கள் ஒரு நண்டுகூடக் கட்டியிருக்க மாட்டார்கள். வேண்டியது கட்டைவிரல். ஓட்டின் பின்பக்கம் எங்கே அழுத்தினால் நண்டு கையைத் திருப்பிக் கடிக்க முடியாதோ, அந்த இடத்தைக் கட்டைவிரல் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். மற்ற கையில் நனைந்த கயிறு. முன்னால் ஒரு சுற்று, இரண்டு கொடுக்கையும் மடக்கி ஒரு சுற்று, வயிற்றுப் பக்கம் முடிச்சு. பார்த்துக்கொண்டிருக்கிறவர் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் நண்டக்கா இரண்டு நண்டு கட்டிவிடுவாள்.

எல்லோருக்கும் அவள் நண்டக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட் எடுக்காதவளுக்கு எதற்குப் பயன்பட்டது என்று அவளுக்கே தெரியாது. துறைமுகத்தின் பின்தெருவில் இருந்த பெரிய நண்டுக் கொட்டகையில் கல்யாணமான புதிதில் சேர்ந்தாள். பிள்ளைகள் நண்டும் சிண்டுமாய் இருந்த காலத்தில் நண்டைக் கட்டிவிட்டு வந்து பிள்ளைகளைக் கட்டி மேய்த்தாள். நண்டு தேவலை, கொடுக்கைக் கட்டினால் சும்மா இருக்கும் என்பாள்.

அந்தக் கொட்டகைக்கு வருவது சேற்று நண்டு. உள்ளங்கையை விரித்தாலும் அடங்காத பெரிய நண்டு. விமானம் ஏறி வெளிநாட்டுக்குப் போய், அங்கேயும் உயிரோடு இறங்கினால்தான் அதற்கு மரியாதை. செத்துப்போனால் வாங்குபவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குப்பையில் போடச் சொல்வார். அதனால் கொட்டகையில் வேலை செய்த அத்தனை பெண்களுக்கும் ஒரு ஆங்கில வார்த்தை மட்டும் தண்ணீர் பட்ட பாடு: லைவ். தெர்மக்கோல் பெட்டியின் நான்கு பக்கத்திலும் சிவப்பு எழுத்தில் அதுதான் இருக்கும். சூப்பர்வைசர் பேனா மூடியோடு வரிசையாக வருவார். நண்டின் கண்ணை மூடியால் தொடுவார். கண் சட்டென்று மடங்கி உள்ளே போனால், "லைவ்." யோசித்து யோசித்துப் போனால், "வீக்." போகவே இல்லையென்றால் பேச்சே கிடையாது, கூடையில் விழும்.

பல வருஷம் இந்த வார்த்தையோடு குடித்தனம் நடத்திய பிறகுதான் நண்டக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மகனுக்குக் கல்யாணமாகி வந்த மருமகள் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் டீச்சர். ஒரு சாயங்காலம், துவைத்த துணியை மடித்துக்கொண்டே மாமியார் கேட்டாள்.

"ஏம்மா, பெட்டியில லைவ்னு போட்டிருக்கு. ஆனா வெளிநாட்டுக்காரர் போன்ல பேசுறப்போ அலைவ், அலைவ்ங்கிறார். ரெண்டும் வேற வேறயா?"

"அர்த்தம் ஒண்ணுதான் அத்தை. உயிரோட இருக்கிறது. நண்டுக்கு முன்னாடி அந்த வார்த்தை வந்தா லைவ். நண்டு எப்படி இருக்குன்னு பின்னாடி சொன்னா அலைவ்."

"எங்க சூப்பர்வைசர் மாதிரின்னு சொல்லு. முன்னாடி ஒரு பேச்சு, பின்னாடி ஒரு பேச்சு."

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சருக்குச் சிரிப்பு வந்தால் பாடம் நீளும். "இன்னும் இருக்கு, கேளுங்க. துறுதுறுன்னு இருந்தா லைவ்லி. மேட்ச் நடக்கிறப்பவே டிவியில காட்டினா அது லைவ். கரண்ட் ஓடுற கம்பியும் லைவ்தான். கடைத்தெருவுல கூட்டம் ஜேஜேன்னு இருந்தா, தெருவே அலைவா இருக்குன்னு சொல்லலாம்."

"தெருவுக்குமா?"

"தெருவுக்கும், வீட்டுக்கும், எல்லாத்துக்கும். ஒருத்தர் ரொம்ப நாள் சோர்ந்து கெடந்துட்டு எழுந்து நடமாட ஆரம்பிச்சாலும் அப்படிச் சொல்லுவாங்க."

நண்டக்காவுக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் தரம் பிரிக்க ஆரம்பித்தாள். கொதிக்கிற உலை லைவ்லி. மூன்று நாளாகத் தொட்டியில் வாடுகிற செடி வீக். வேலை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்குகிற கணவரைக் காட்டி, "உங்க மாமனாரு எந்த ரகம்னு அந்தப் பேனாவ வச்சுத் தொட்டுப் பாரும்மா" என்பாள்.

அந்த மாமனார் ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்பவர். தொட்டியிலிருந்து ஐஸ் பார்களைத் தூக்குவது, இழுப்பது, உடைப்பது. சாது. வாழ்க்கையில் எந்தப் பிரச்சனைக்கும் அவரிடம் ஒரே மருந்துதான் உண்டு: ஐஸ். கால் சுளுக்கினால் ஐஸ், காய்ச்சலுக்கு ஐஸ், பல்வலிக்கு ஐஸ். மனைவி கோபமாக இருந்தால் வைக்கிற ஐஸ் வேறு வகை, அதிலும் அவரை மிஞ்ச ஆளில்லை.

இப்படியே ஓய்வு பெறுகிறவரைக்கும் போயிருக்கும். போகாமல் செய்தது ஒரு பெட்டி விழுந்த சம்பவம்.

நண்டக்காவின் நாத்தனாரும் அதே கொட்டகையில்தான் கட்டினாள். ஒரு நாள் குளிர் அறையில் ரொம்ப நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். வெளியே வந்தவளுக்குத் தலை சுற்றியது. கையில் இருந்த பெட்டியோடு அப்படியே தரையில் சாய்ந்தாள். சத்தம் கேட்டு சூப்பர்வைசர் ஓடி வந்தார். வந்தவர் மண்டி போட்டு உட்கார்ந்தார். பெட்டிக்குப் பக்கத்தில்.

"எல்லாம் லைவ்வா பாரு, லைவ்வா பாரு" என்று கத்திக்கொண்டே சிதறிய நண்டுகளைப் பொறுக்கினார்.

"மனுஷி கெடக்குறா சார்!" என்றாள் நண்டக்கா.

"அவ எந்திரிச்சுக்குவா. நண்டு போச்சுன்னா போச்சு."

அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நண்டையே பார்த்துப் பார்த்துக் கண் அப்படிப் பழகிவிட்டது. ஆனால் பழகினாலும் பழகாவிட்டாலும் சில பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. நண்டக்கா ரப்பர் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நாத்தனாரைத் தோளில் தாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனாள். மறுநாள் இருவரும் வேலைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

முதலாளி ஆள் அனுப்பினார். அப்புறம் அவரே வந்தார். சொந்தமாகக் கொட்டகை போடப் போகிறோம் என்று நண்டக்கா சொன்னதும் அவருக்கு வந்த சிரிப்பு அடங்கவே இல்லை.

"கயிறு கட்டத் தெரிஞ்சா ஏற்றுமதியா? நீ கட்டி அனுப்புற பெட்டியில ஒரு நண்டு உயிரோட போய் இறங்குதான்னு பாக்குறேன். இந்தத் தெருவுலதான் நானும் இருக்கேன்."

அவர் போன பிறகு நண்டக்கா வாசல் கதவை அறைந்து சாத்தினாள். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் பழைய கார் நிறுத்துகிற கொட்டகை ஒன்று பூட்டிக் கிடந்தது. அதை வாடகைக்குப் பிடித்தார்கள். கடல் தண்ணீருக்குத் தொட்டி, நிழலுக்குத் துணி, நனைத்துப் போடச் சாக்கு. அனுமதி வாங்க அலைந்ததில் மருமகளின் செருப்பு தேய்ந்து, கடைசியில் ஒரு அலுவலக வாசலிலேயே அறுந்துவிட்டது. வாங்குபவரைப் பிடித்ததும் அவள்தான். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மீன் கடைக்காரர். ஆங்கிலத்தில் பேசுவார், நறுக்கென்று பேசுவார். ஒரே ஒரு தடவை அனுப்புங்கள், உயிரோடு வந்தால் தொடர்ந்து வாங்குகிறேன், செத்து வந்தால் இந்த நம்பருக்கு மறுபடி கூப்பிடாதீர்கள் என்றார். மருமகள் அதை மாமியாருக்குத் தமிழில் சொல்லும்போது கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் மென்மையாக்கிப் பார்த்தாள். மாமியார் விடவில்லை.

"அவர் சொன்னத அப்படியே சொல்லு. நான் பொறுத்துக்குவேன்."

அப்படியே சொன்னாள். ஆக அந்த ஒரு லோடுதான். அது போய்ச் சேர்ந்தால் கொட்டகை நிற்கும். சேராவிட்டால் நண்டக்காவும் நாத்தனாரும் பழைய இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு போய் ஆணியில் மாட்டிய ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

லோடு கிளம்பிய நாள் வெயில் விடிந்தபோதே அடுப்பு மாதிரி இருந்தது. நண்டக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு நண்டாகப் பார்த்தாள். கண்ணைத் தொட்டாள், காலை இழுத்துப் பார்த்தாள், வாயோரம் நுரை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். கண் மேலே பார்க்கிற மாதிரி நெருக்கமாக அடுக்கி, நனைந்த சாக்கைப் போர்த்தினாள். உறைய வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்கு ஒன்றாக வைத்தாள். கொஞ்சம் குளிர் இருந்தால் நண்டு அடங்கிக் கிடக்கும், பயணத்தில் சக்தியை வீணாக்காது.

"இந்த வெயில்ல வெந்துடும் போலிருக்கே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு முகம் கழுவ உள்ளே போனாள்.

சொன்னது கணவர் காதில் விழுந்தது. அதுதான் வினை.

*

விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகை பெரியது. ஒரு பக்கம் பூப்பெட்டிகள், ஒரு பக்கம் துணி மூட்டைகள், நடுவில் தள்ளுவண்டிகளின் சத்தம். மேலே குளிர்ந்த காற்றைப் பீய்ச்சுகிற இயந்திரம். நண்டக்காவும் நாத்தனாரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பரிசோதனை அதிகாரி கண்ணாடியைக் கயிற்றில் கழுத்தோடு தொங்கவிட்டிருந்தார். எதற்கும் அவசரப்படாத மனிதர் என்று பார்த்தாலே தெரிந்தது. முதல் பெட்டியின் மூடியை எடுத்தார். உள்ளிருந்து வெள்ளையாய்க் குளிர் எழும்பியது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பேனாவால் ஒரு நண்டைத் தொட்டார். இன்னொன்றைத் தொட்டார். அடுத்த பெட்டியைத் திறந்தார்.

"அம்மா, ஃபார்ம்ல லைவ்னு போட்டிருக்கீங்க. என் கண்ணுக்கு ஒண்ணும் அப்படித் தெரியலையே."

"தூங்குது சார்" என்றாள் நண்டக்கா. சொல்லிக்கொண்டே விரலால் ஒரு நண்டின் கண்ணைத் தொட்டாள். மடங்கவில்லை. பக்கத்து நண்டின் கண்ணைத் தொட்டாள். அதுவும் அப்படியே நின்றது. நண்டு கல்லாய்ச் சில்லிட்டிருந்தது.

"எல்லாமா தூங்குது?" என்றார் அதிகாரி. கேலியாகக் கேட்கவில்லை.

சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். தான் வைத்த பாட்டில் மேலே இருந்தது. சாக்குக்கு அடியில், நண்டுகளை ஒட்டி, இன்னும் இரண்டு பாட்டில். காகிதம்கூடச் சுற்றாத மொட்டைப் பாட்டில். எல்லாப் பெட்டியிலும் அதே கதை. அவள் கை தானாகப் போனை எடுத்தது.

"என்னங்க, பெட்டியில நீங்க ஏதாவது வச்சீங்களா?"

"ஐஸ் பாட்டில்தான். வெயில்ல வெந்துடும்னு சொன்னியே, மனசு கேக்கல. நம்ம ஃபேக்டரி ஐஸ், நல்லா நின்னு பேசும்."

சாதாரண நாளில் அவள் அவரை என்னங்க என்றுதான் கூப்பிடுவாள். சரக்குக் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி அன்றைக்குக் கூப்பிட்டது வேறு.

"யோவ்! நண்டு எல்லாம் கட்டையா கெடக்குய்யா! அசையல, கண்ணு மடங்கல. இத்தனை வருஷமா சுளுக்குக்கும் பல்லுக்கும் வச்சது போதலையா, என் பொழப்புக்கும் வச்சிட்டியா?"

அவர் குரல் நடுங்கினாலும் சொன்ன விஷயம் தெளிவாக இருந்தது.

"திட்டு, அப்புறமா நல்லா திட்டு. இப்ப நான் சொல்றதக் கேளு. அவசரப்பட்டு வெந்நீர ஊத்திடாத. வெயில்லயும் வைக்காத. உறைஞ்சத சூட்டுல போட்டா வெடிச்சுப்போகும், ஐஸ் பாரே வெடிக்கும். மெதுவா. பாட்டில எடுத்துட்டு நிழல்ல வை, குளிர் தானா எறங்கட்டும். நான் வரேன்."

நண்டக்கா போனை வைத்தாள். அதிகாரி காத்திருந்தார்.

"செத்த நண்டுக்கும் தூங்குற நண்டுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்கதாம்மா சொல்லணும்."

பொய் சொல்லியிருக்கலாம். எல்லாம் உயிரோடுதான் இருக்கு, நான் ஆயிரம் பெட்டி பார்த்தவள் என்று அடித்துப் பேசியிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை.

"இவ்வளவு குளிர்ல கெடந்த நண்ட நான் பாத்ததே இல்ல சார். இப்ப எனக்கே தெரியல. ஆனா செத்துடுச்சுன்னு மட்டும் எழுதிடாதீங்க. எழுதிட்டீங்கன்னா அப்புறம் உயிரோட எந்திரிச்சாலும் செத்ததுதான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். சண்டை வரும் என்று எதிர்பார்த்தவர் மாதிரி இருந்தது. "பூப்பெட்டி கொஞ்சம் பாக்கி இருக்கு. முடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள அசைஞ்சா அனுப்புறேன். அசையலன்னா குப்பை வண்டிதான். அதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்லம்மா."

அவர் முதுகைத் திருப்பினதுதான் தாமதம், இரண்டு பெண்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். குளிர்ந்த காற்று விழாத மூலைக்குப் பெட்டிகளை இழுத்தார்கள். மூடிகளைக் கழற்றினார்கள். பாட்டில்களைப் பிடுங்கி எறிந்தார்கள். சில்லிட்ட சாக்கை உரித்துவிட்டு, கேனில் கொண்டுவந்திருந்த கடல் தண்ணீரில் புதுச் சாக்கை நனைத்தார்கள். கேன் வண்டியில் வெயில் பட்டுச் சுட்டுக் கிடந்தது. குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி நண்டக்கா மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தாள். சூடு. கைவசம் இருந்த ஐஸ் பாட்டிலையே கேனுக்குள் போட்டு ஆற்றினாள். கணவரின் ஐஸ் அன்றைக்கு உபயோகமானது அந்த ஒரு இடத்தில்தான்.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. கை சும்மா இருந்தால் மனசு சும்மா இருக்காது. பழைய முதலாளியின் சிரிப்பு காதுக்குள் ஓடியது. மருமகளின் அறுந்த செருப்பு நினைவுக்கு வந்தது. நாளைக்கு அந்தத் தெருவில் எப்படி நடப்பது என்று யோசித்தாள்.

"அண்ணி, ஒண்ணைத் தொட்டுப் பாக்கட்டா?"

"தொடாத."

"ஒரே ஒண்ணு."

"கைய ஒடச்சிருவேன்."

மூட்டை தூக்குகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். விஷயம் அதற்குள் கொட்டகை முழுக்கப் பரவியிருந்தது. ஒருவர் போயே போச்சு என்றார், இன்னொருவர் பொறுங்க என்றார். பந்தயம் கட்டலாமா என்று ஒருவர் வாயெடுத்தார், நண்டக்கா பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே உறைந்துபோனது.

பொறுக்க முடியாமல் அவளே ஒரு நண்டை ஓட்டைப் பிடித்துத் தூக்கினாள். செத்த நண்டைத் தூக்கினால் கால்கள் நனைந்த துணி மாதிரித் தொங்கும். இதன் கால்கள் தொங்கவில்லை. உயிரால் தொங்கவில்லையா, விறைப்பால் தொங்கவில்லையா? அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "எந்திரிடா ராசா, எந்திரி" என்றாள். பல வருஷமாக நண்டைக் கூடையில் விட்டெறிந்த கை அது. அன்றைக்கு ஒரு நண்டைக் கெஞ்சியது.

வாயோரத்தில் ஒரு குமிழி வந்தது.

கடுகளவு குமிழி. வந்து, நின்று, உடைந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. நண்டக்கா மூச்சு விடவில்லை. விரல் நுனியால் கண்ணைத் தொட்டாள். கண்தண்டு யோசித்தது. அவளுடைய ஆயுளில் பாதியை எடுத்துக்கொண்டு யோசித்தது. அப்புறம் மெதுவாக, தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை முகத்தைச் சுளிக்கிற மாதிரி, மடங்கி உள்ளே போனது.

"அலைவ்!" என்று கத்தினாள் நண்டக்கா. தமிழில் கத்த அவளுக்குத் தோன்றவே இல்லை. "அலைவ், அலைவ்!"

நாத்தனார் பக்கத்துப் பெட்டியில் கையை விட்டாள். அங்கே ஒரு பின்கால் துடுப்பு மாதிரி ஆடியது. அடுத்த பெட்டியில் இரண்டு. கொஞ்ச நேரத்தில் தெர்மக்கோலில் ஓடு உரசுகிற கரகர சத்தம் ஒவ்வொரு பெட்டியாகக் கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் பல் கூசும். அன்றைக்கு அவளுக்கு அதனிடம் நாதஸ்வரமே தோற்றது. மூட்டை தூக்குகிறவர்கள் விசிலடித்தார்கள். போயே போச்சு என்றவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாக அடித்தார்.

அதிகாரி வந்து எல்லாப் பெட்டிகளையும் பார்த்தார். அசைகிறதுதான், இருந்தாலும் ஒன்றைக் கட்டவிழ்த்துக் காட்டுங்கள் என்றார்.

"வேணாம் சார், கோவத்துல இருக்கும்."

"நான் பாத்தேன்னு எழுதணும்ல, நல்லா பாக்க வேண்டாமா?"

நண்டக்கா முடிச்சை அவிழ்த்தாள். அதிகாரி பேனாவை நீட்டினார். நண்டு அதை வாங்கிக்கொண்டது. வாங்கினதோடு சரி, திருப்பிக் கொடுக்கிற எண்ணமே அதற்கு இல்லை. அவர் இழுத்தார், அதுவும் இழுத்தது. பேனா இரண்டாக உடைந்து மை அவர் சட்டைக் கையில் தெறித்தது. கொட்டகையே சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டு, பூப்பெட்டிக்காரரிடம் பேனா கடன் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லா நண்டும் எழவில்லை. பாட்டிலை ஒட்டிக் கிடந்த சில நண்டுகளின் கண் கடைசி வரைக்கும் மடங்கவில்லை. அதிகாரி அவற்றைக் கவனிக்கவில்லை. நண்டக்காவே அவற்றைப் பொறுக்கி வெளியே வைத்து, இத்தனை குறைகிறது சார், ஃபார்மில் திருத்திக்கொள்ளுங்கள் என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவை அவள் கையால் கட்டியவை.

வண்டி பெட்டிகளை ஏற்றிக்கொண்டு விமானத்தின் பக்கம் போனபோது கணவர் வந்து சேர்ந்தார். ஃபேக்டரி ரப்பர் பூட்ஸோடு, வேர்த்து வழிய, கையில் ஒரு பெரிய ஃபிளாஸ்க்.

"அதுல என்ன?" என்றாள் நண்டக்கா.

"வெந்நீர்."

"ஊத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. ஆனா வெறுங்கையோட எப்படி வர்றது?"

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அப்போதுதான் அவளுக்கு உடைந்தது. அவர் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள், அழுகையிலேயே சிரித்தாள், நடுநடுவே அவர் கையில் நறுக்கென்று கிள்ளினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு எந்த ஐஸும் வைக்கக் கூடாது என்று அவருக்கே புரிந்திருந்தது.

*

விமானத்தில் ஏறியது பாதி வேலைதான். மீதி அந்தப் பக்கம். மறுநாள் காலையிலிருந்து கொட்டகையில் யாருக்கும் கை ஓடவில்லை. மருமகள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். நாத்தனார் சுத்தமாக இருந்த தொட்டியை மறுபடி மறுபடி கழுவினாள். கணவர் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

போன் வந்தது மத்தியானம். பெரிய கொட்டகையின் பெண்கள் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிற நேரம், அவர்களுக்கு அந்தத் தெருதான் வழி. மருமகள் ஸ்பீக்கரைப் போட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் தெருவில் போனவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். யாருடைய போன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடைக்காரர் படபடவென்று பேசினார். வழக்கமான நறுக்கென்ற பேச்சு இல்லை. பின்னால் யாரோ கூச்சல் போடுவதும் ஏதோ பாத்திரம் உருள்வதும் கேட்டது. நடுவில் ஒரு வார்த்தை நண்டக்காவுக்கு மொழிபெயர்ப்பில்லாமல் புரிந்தது. அலைவ். "ஆல் அலைவ்" என்றார் அவர்.

"எல்லாம் உயிரோட வந்துடுச்சாம் அத்தை!" மருமகளின் குரல் கீச்சிட்டது. "ஒண்ணுகூடப் போகலயாம். ரொம்ப லைவ்லியாம். கட்ட அவுத்ததும் ரெண்டு நண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில ஓடிருச்சாம். கடையில வேல பாக்குறவங்கெல்லாம் நாற்காலி மேல நிக்கிறாங்களாம். அடுத்த வாரம் ரெண்டு மடங்கு அனுப்பச் சொல்றார்!"

நாத்தனார் தொட்டிக் குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடி வந்தாள். வாசலில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால், சத்தம் கேட்டு எட்டிப் பார்க்க வந்தவர் மாதிரி, சூப்பர்வைசரும் பேனாவோடு நின்றார். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. நண்டக்கா அவரைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதைக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் இன்னும் ஏதோ கேட்டார். மருமகள் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இவ்வளவு நாளா எத்தனையோ இடத்துலேருந்து வாங்கியிருக்காராம். இப்படிக் கட்டி வந்து பாத்ததே இல்லையாம். ஒரு முடிச்சுகூட அவிழலயாம். யார் கட்டினதுன்னு கேக்குறார் அத்தை."

இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் நண்டு கட்டியிருப்பாள். எத்தனை பெட்டி அவள் கைப்பட்டு விமானம் ஏறியிருக்கும். எல்லாப் பெட்டியிலும் முதலாளியின் பெயர் இருக்கும். நண்டு உயிரோடு இருக்கிறதா என்று கேட்டவர்கள் ஏராளம். யார் கட்டியது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

"நானே ஆங்கிலத்துல சொல்லிடட்டுமா?" என்றாள் மருமகள்.

"குடு இங்க."

நண்டக்கா போனை வாங்கினாள். ஈரக் கையைச் சேலையில் துடைக்கவும் இல்லை. வாசலில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டு, தொண்டை நரம்பு தெரியும்படி சொன்னாள்.

"நான்தாங்க கட்டினேன். நானும் என் நாத்தனாரும் கட்டினோம்."

கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. தெரு முழுக்கத் தெரியும்.